கதிரைக் காலுக்குள் பெரிய பூ

உங்கள் ஆய்வுகூடத்துக்குப் புதிய நுணுக்குக்காட்டி ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். பெட்டியைப் பிரித்த கையோடு அதன் வில்லைகளை நீங்களே ஒருமுறை துடைத்துவிடுங்கள். விற்றவர்கள் துடைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். மேசையில் தூக்கி வைத்தவர் கண்ணாடியில் விரல் வைத்திருக்க மாட்டார் என்றும் நம்ப வேண்டாம். இருபத்தாறு வருடம் நான் இப்படித்தான் வேலை பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சந்தேக மிஸ்' என்றார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சொன்னார்கள். சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருந்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக, நான் கண்டுபிடித்த கலப்படம் ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். கண்டுபிடித்தவை பல உண்டு. அவற்றைச் சொல்லிப் பெருமையடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கே எழுதப்போவது, நடக்கவே நடக்காத ஒரு களவை நான் கண்டுபிடித்த கதை.

அப்போது கண்டிக்கு அருகே குண்டசாலைப் பக்கம் பிளாஸ்டிக் கதிரை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பரிசோதனைப் பகுதி என் பொறுப்பில் இருந்தது. பகுதி என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். ஓர் அறை, ஒரு பழைய நுணுக்குக்காட்டி, ஒரு சூட்டுத் தட்டு, பூட்டு சரியில்லாத ஓர் அலுமாரி, பிறகு நான். புசல்லாவைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து படித்து வந்தவள் என்பதால் எனக்கு ஒரு வீம்பும் இருந்தது. என் கையால் ஒரு பிழையும் போகக் கூடாது. போனால், தோட்டத்து ஆளுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தப் பயத்துக்குக் கவனம் என்று நானே ஒரு நல்ல பெயர் வைத்திருந்தேன்.

காலமும் சந்தேகக் காலம். வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கண்டிக்குள் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்ப்பார்கள். எங்கள் தொழிற்சாலை வாசலிலும் வரும்போதும் போகும்போதும் பையைத் திறந்து காட்ட வேண்டும். தமிழ்ப் பெயர் என்றால் பையின் அடியையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பார்கள். நாங்களும் பழகிவிட்டோம்.

நாங்கள் பூ என்று சொல்வது எதை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் நீங்கள் ஸ்பெருலைட் என்று படித்திருப்பீர்கள். கதிரை செய்யும் பிளாஸ்டிக்கான பொலிப்புரொப்பிலீன் உருகினால் சிக்குப்பிடித்த நூல்தான். அது குளிரும்போது எங்கோ ஒரு புள்ளியில் ஒரு நூல் மடியத் தொடங்கும். சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல முன்னும் பின்னுமாக மடிந்து மெல்லிய பளிங்குத் தகடாகும். தகடு வெளிப்பக்கமாக வளரும். எல்லா நூலும் மடிய இசையாது. கட்டையானது, கோணலானது எல்லாவற்றையும் தகடு தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போகும். தள்ளியது சேரச் சேர, நேரே போக வழியில்லாமல் தகடு இடுக்குப் பார்த்துப் பிரியும். அதுதான் கிளை. வசதி மிகுந்து கிளைவிடுவதாக நான் முதலில் நினைத்திருந்தேன். வழி அடைபடுவதால்தான் கிளைவிடுகிறது என்பது பிறகுதான் விளங்கியது. கிளைக்குள் கிளையாகி, எல்லாத் திசையிலும் விரிந்து, கடைசியில் ஓர் உருண்டையாகி, பக்கத்து உருண்டையோடு முட்டும்போதுதான் நிற்கும். முனைவாக்கிகள் என்னும் ஒளிவடிகட்டிகள் இரண்டைக் குறுக்காக வைத்துப் பார்த்தால் ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு கறுப்புச் சிலுவை தெரியும், சுற்றிலும் இதழ் இதழாக வெளிச்சம். அதனால் எங்களுக்கு அது பூ. ஒதுக்கித் தள்ளப்பட்டதெல்லாம் பூவும் பூவும் முட்டும் எல்லையில் போய்த் தங்கும். கதிரை வெடித்தால் விரிசல் பெரும்பாலும் அந்த எல்லை வழியாகத்தான் ஓடும்.

நல்ல கதிரையில் பூக்கள் எள்ளைக் கொட்டி வைத்த மாதிரிச் சின்னதாக, நெருக்கமாக இருக்கும். எல்லைகள் இருக்கும், ஆனால் விரிசல் நீளமாக ஓட வழி இருக்காது. இவ்வளவும் தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும்.

ஒரு திங்கட்கிழமை காலை, கலியாண வீடுகளுக்குக் கதிரை வாடகைக்கு விடும் முதலாளி ஒருவர் அக்குறணையிலிருந்து வேனில் வந்தார். வேன் நிறைய உடைந்த கதிரைகள். எங்களிடம் புதிதாக வாங்கியவை. காவலாளி தடுக்கத் தடுக்க நேரே என் அறைக்கு வந்து, ஒரு கதிரைக் காலை என் மேசையில் வைத்தார்.

"மகள், இது கதிரையா அப்பளமா? நிக்காஹ் ஊட்டுல மாப்புளட உம்மா உழுந்து கை முறிஞ்சி ஆஸ்பத்திரில. நான் என்ன முகத்தோட அந்த ஊட்டுக்குப் போற?"

நான் அந்தக் காலைத் திருப்பிப் பார்த்தேன். கதிரையின் காலடியில் மூன்றாம் இயந்திரத்தின் அடையாளம் இருந்தது.

எங்கள் முகாமையாளர் சிங்களவர், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அன்று கொழும்பிலிருந்து பணிப்பாளர் பகலுக்கு வருவதாக இருந்தது. "அவர் வருவதற்குள் எனக்குக் காரணம் வேண்டும் மிஸ். கலப்படமா, இல்லையா? ஒரு வரி போதும்" என்றார். நான் அந்தக் காலில் மெல்லிய சீவல் ஒன்று எடுத்து வைத்துப் பார்த்தேன். பூக்கள் ஒவ்வொன்றும் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லைகள் பாதை போட்டதுபோல நேராகத் தெரிந்தன. விரிசல் அந்தப் பாதையிலேயே போயிருந்தது.

இப்போது சந்தேகம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஸ்டோரில் மூலப்பொருள் மூட்டை குறைகிறது, யாரோ உருக்குவதற்கு வந்த நல்ல பிளாஸ்டிக் மணியை வெளியே கடத்திவிட்டு, அரைத்த பழைய பிளாஸ்டிக்கைக் கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு உலாவியது. மூன்றாம் இயந்திரத்தில் நின்றவர் கருப்பையா. ஹந்தானைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து வருகிறவர், நாற்பது தாண்டிய மனிதர். என்னைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். முந்திய கிழமைதான் அவரைக் காவலாளி வாசலில் பிடித்து வைத்திருந்தார். அவர் கக்கத்தில் வெறும் மூலப்பொருள் பை ஒன்று. லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று கேட்டு, ஸ்டோர்க்காரரிடம் வாங்கிய காலிப் பை. அது காலிப் பை என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கருப்பையா பையோடு பிடிபட்டார் என்பது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. எனக்கும்தான்.

அவரை நடைபாதையில் நிறுத்திக் கேட்டேன். "மூணாம் மெஷின்ல என்னா மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலையே தங்கச்சி. சேர் சொன்ன மாதிரி ஆறுன தண்ணிதான் விடுறேன்."

ஆறின தண்ணீர் என்றால் எங்கள் வீடுகளில் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், கைக்குழந்தைக்குக் கொடுப்பது. நான் ஒன்று கேட்க, இவர் குடிதண்ணீர்க் கதை சொல்லி மழுப்புகிறார் என்று நினைத்தேன்.

"நான் தண்ணியக் கேக்கல. மணியக் கேக்கறேன்."

"மணி எப்பவும் வர்ற மணிதான்." சொல்லிவிட்டு அவர் கையைக் காற்சட்டையில் துடைத்தார். நான் அந்தத் துடைப்பையும் குறித்து வைத்துக்கொண்டேன். கை வியர்த்தால் களவாம். எண்ணெய் பட்ட கை என்பது அப்போது தோன்றவில்லை.

பகலுக்குள் என் ஒரு வரி தயாரானது. மூலப்பொருள் வழக்கமானதாகத் தெரியவில்லை, கலப்படம் இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன். முகாமையாளர் அதைப் பணிப்பாளருக்கு வாசித்தபோது 'இருக்கலாம்' எங்கேயோ விழுந்துவிட்டது. பின்னேரம் கருப்பையாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை பொலிஸில் முறைப்பாடு கொடுப்பதென்று முடிவு. அந்தக் காலத்தில் ஒரு தமிழர் பொலிஸுக்குள் போனால் எப்போது வெளியே வருவார் என்று யாரும் சொல்ல முடியாது. வந்தாலும் களவெடுத்தவர் என்ற பெயரோடு வேறு எந்த வாசலும் அவருக்குத் திறக்காது. அவர் வாசலைத் தாண்டும்போது காவலாளி "ஹொரா" என்று சத்தமாகச் சொன்னது என் ஜன்னலுக்குக் கேட்டது. சிங்களத்தில் கள்வன் என்று அர்த்தம். கருப்பையா திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கூடவே, நான் கண்ணால் பார்த்ததைத்தானே எழுதினேன் என்ற திமிரும் இருந்தது.

புதன்கிழமை அந்தத் திமிர்தான் என்னை மாட்டிவிட்டது. பொலிஸுக்குப் போகிற விஷயம், நாளைக்கு யாராவது என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டால்? வழக்கை இறுக்கிக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். நல்ல மணியோடு அரைத்த பழைய பிளாஸ்டிக்கைக் கலந்து சூட்டுத் தட்டில் உருக்கிக் குளிரவிட்டேன். அதே பெரிய பூ வரும், அதைப் படமெடுத்து அறிக்கையோடு வைக்கலாம் என்பது திட்டம்.

வந்ததோ பொடிப் பூ. தூசுபோலப் பொடி. இரண்டாம் முறை செய்தேன், அதேதான். மூன்றாம் முறை தட்டையும் வில்லையையும் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் செய்தேன். அதேதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படித்த பாடம், பரீட்சையில் எழுதிய பாடம். பழைய பிளாஸ்டிக்கில் தூசும் சாயமும் மண்ணும் இருக்கும். அந்த அழுக்கு ஒவ்வொன்றும் ஒரு விதை. விதை கூடினால் ஆயிரம் இடத்தில் ஒரேயடியாகப் பூ தொடங்கும், தொடங்கிய வேகத்தில் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். அழுக்கு கலந்தால் பூ சிறுக்கும். பெருக்காது. பூ பெருக்க வேண்டுமானால் விதை குறைவாக இருக்க வேண்டும், வளர நேரமும் வேண்டும். நல்ல மணியை மட்டும் எடுத்து, உருக்கி, மெல்ல மெல்லக் குளிரவிட்டேன். கறுப்புச் சிலுவையோடு பெரிய பெரிய பூக்கள், கதிரைக் காலில் பார்த்த அதே பூக்கள், ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து வந்தன.

கருப்பையாவைக் கள்வனாக்கிய அதே பூதான் அவர் கள்வன் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை வாசிக்கத் தெரியாமல் வாசித்திருந்தேன். வழக்கத்தைவிட வித்தியாசம் என்றதும், வித்தியாசம் எப்படி வந்தது என்று கேட்காமல் யார் செய்தது என்று கேட்டேன். யாரையெல்லாமோ சந்தேகப்பட்டேன். என் கண்ணுக்குப் பின்னால் இருந்த அந்த வதந்தியைச் சந்தேகப்படவில்லை.

மணி சுத்தமென்றால் குளிரவைத்த விதத்தில்தான் கோளாறு. கதிரை வார்க்கும் அச்சைக் குளிரவைப்பது தண்ணீர். தண்ணீர்க் குழாய்களுக்குப் பொறுப்பு எங்கள் புதிய பொறியியலாளர். அவர் யாழ்ப்பாணத்தார், வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டுகஸ்தோட்டையில் வாடகை அறை, அதற்கும் பொலிஸில் பதிந்து வைத்திருக்க வேண்டும். மரியாதையான மனிதர், அதிகம் பேச மாட்டார். பேசினாலும் அவருடைய தமிழ் எங்களுக்குப் பாதிதான் விளங்கும். விளங்கியதுபோலத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவோம். உண்மையைச் சொன்னால், அவருடைய மரியாதையைக்கூட நான் சந்தேகமாகத்தான் பார்த்து வந்தேன்.

படியேறி மூச்சு வாங்க அவர் முன் போய் நின்றேன். "சேர், மூணாம் மெஷின் தண்ணிய யாரு மாத்துனா?"

அவர் கதிரையைக் காட்டினார். "முதல்ல இருங்கோ. ஆறுதலாக் கதைப்பம்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "எனக்கு எதுக்கு சேர் ஆறுதல்? எங்க வீட்டுல யாரும் சாகல."

அவர் விழித்தார். "ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்ல. ஆறுதலா எண்டால் எங்கட பக்கம் மெள்ள, அவசரப்படாமல். நீங்கள் மூச்சு வாங்கிறியள், அதுதான் சொன்னனான்."

நடைபாதையில் கருப்பையா சொன்னது காதில் கேட்டது. சேர் சொன்ன மாதிரி ஆறுன தண்ணி.

"சேர், கருப்பையா அண்ணன்கிட்ட தண்ணியப் பத்தி என்னா சொன்னீங்க? அன்னைக்குச் சொன்ன அதே வார்த்தையில சொல்லுங்க."

"அவர் வால்வை ஒரேயடியாத் திறக்க பைப் எல்லாம் அதிர்ந்து அடிச்சுது. தண்ணியை ஆறுதலா விடுங்கோ எண்டனான். ஓம் எண்டு தலையாட்டினவர்."

மூன்றாம் இயந்திரத்துக்கு இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று குளிரூட்டியிலிருந்து வரும் சில்லென்ற தண்ணீர். மற்றது கூரைத் தொட்டியிலிருந்து வருவது, குளிரூட்டி பழுதானால் பாவிப்பதற்கு. அச்சில் சூடாகி வரும் தண்ணீர் அந்தத் தொட்டிக்கே திரும்பும் என்பதால் பகலாகும்போது அது நன்றாக வெதுவெதுப்பாகிவிடும். இயந்திரச் சத்தத்துக்குள் 'தண்ணியை ஆறுதலா விடுங்கோ' என்பதைக் கேட்ட ஹந்தானைக்காரர், 'ஆறுன தண்ணிய விடு' என்று விளங்கிக்கொண்டார். சில்லென்று இல்லாத, சூடும் இல்லாத தண்ணீர். அவருக்கு அது நியாயமாகவும் பட்டிருக்கும், சில்லென்ற தண்ணீரைத் திறந்தபோதுதானே குழாய் அடித்தது. குளிரூட்டியை மூடிவிட்டுத் தொட்டியைத் திறந்திருக்கிறார். கதிரை இறுக நேரமெடுத்திருக்கிறது. வேலை சுணங்குகிறது என்று மேற்பார்வையாளர் ஏசியதையும், சேர் சொன்னபடி செய்கிறோம் என்று வாங்கிக்கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

நான் சொல்லி முடித்ததும் பொறியியலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "தண்ணி ஓடுதோ எண்டு பாத்தனான். எந்தத் தண்ணி எண்டு பாக்கேல்ல" என்றார். "இதை அவையள் எப்பிடி விளங்குவினம்? யாழ்ப்பாணத்தான் வந்து தண்ணியை மாத்திக் கதிரையை உடைச்சவன் எண்டுதான் கதை வரும்."

"நீங்க சொல்லலன்னா வெள்ளிக்கிழமை அவரு உள்ள போவாரு சேர்."

"ஓம். நாளைக்குக் காலமை வரைக்கும் நேரம் தாங்கோ."

நேரம் கொடுத்தேன். நம்பிக் கொடுக்கவில்லை. கீழே வந்ததும் சீவல் வைத்த கண்ணாடிகளை எல்லாம் எடுத்துப் பஞ்சில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். என் அலுமாரிப் பூட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை, அவரிடமும் இல்லை. வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். கண்ணாடி என்றேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் கருப்பையாவின் பிழைப்பு இருந்தது, காவலாளிக்கு அது வெறும் பிளாஸ்டிக் தோல்.

வியாழக்கிழமை காலை பொறியியலாளரின் இடம் காலியாக இருந்தது. எட்டு மணியாயிற்று, ஒன்பதாயிற்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவருடைய மேசை லாச்சியைத் திறந்து பார்த்தேன். ஒரு பேனையும் பனங்கட்டித் துண்டொன்றும் கிடந்தன. ஆள் கொழும்புக்கு ஓடிவிட்டார் என்று முடிவு செய்தேன். முகாமையாளரின் அறைக்குப் போய், அவர்தான் தண்ணீரை மாற்றச் சொன்னார், இப்போது ஆளையும் காணோம் என்று சொல்வதற்காகக் கதவில் தட்டக் கையையும் உயர்த்திவிட்டேன்.

அந்த நடைபாதை ஜன்னலிலிருந்து வாசல் தெரியும். வாசலில் இரண்டு பேர் பையைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பொறியியலாளர். மற்றவர் கருப்பையா. முதல் பஸ்ஸில் ஹந்தானைக்கு ஏறி, லயம் லயமாக விசாரித்து, தான் சொன்னதை அவர் எப்படிக் கேட்டார் என்று அவர் வாயாலேயே தெரிந்துகொண்டு, கையோடு கூட்டி வந்திருக்கிறார். ஒரு யாழ்ப்பாணத் தமிழர் அந்த நாட்களில் தனியாகத் தோட்டத்துக்குள் போய் ஆள் தேடினால் புலி என்று பிடித்துக் கொடுத்துவிடுவார்கள், அது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உயர்த்திய கையை இறக்கினேன். ஒரு நிமிடம் முந்தியிருந்தால் அந்தக் கிழமையில் இரண்டாவது மனிதரையும் நானே தள்ளிவிட்டிருப்பேன்.

மூன்று பேருமாக முகாமையாளர் முன் நின்றோம். பொறியியலாளர் தன் வார்த்தையால் வந்த பிழை என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் சிங்களத்தில் விளக்கினேன். ஒருவர் சொன்னது 'ஹெமின்', அதாவது மெல்ல. மற்றவர் கேட்டது 'நிவிச்ச வத்துர', ஆறின தண்ணீர். தமிழில் இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு பக்கம் என்றேன். முகாமையாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கோபமில்லாமல் ஒன்று கேட்டார்.

"நீங்கள் மூன்று பேரும் தமிழர். கதையும் தமிழ்ச் சொல்லைப் பற்றியது. சேர்ந்து செய்துகொண்டு வந்த கதை இல்லை என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?"

கருப்பையா தலையைக் குனிந்தார். எனக்கு வலித்தது. ஆனால் முகாமையாளர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன். அதனால்தான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

"எங்களை நம்ப வேண்டாம் சேர். திங்கட்கிழமை நான் எழுதியதையும் நம்ப வேண்டாம், அது பிழை. நீங்களே ஸ்டோரிலிருந்து ஒரு மூட்டையைத் தெரிவு செய்யுங்கள். நீங்களே முத்திரையைப் பிரியுங்கள். பாதியை ஒரு தண்ணீரில் செய்வோம், மீதியை மற்றத் தண்ணீரில்."

செய்தோம். மூட்டையிலிருந்து கடைசி வரை முகாமையாளர் பக்கத்திலேயே நின்றார். தொட்டித் தண்ணீரில் செய்த கதிரைகளின் மேல் மணல் மூட்டையைப் போட்டபோது இரண்டாம் அடியில் கால்கள் வெடித்தன. குளிரூட்டித் தண்ணீரில் செய்தவை வளைந்துவிட்டு நிமிர்ந்து நின்றன. இரண்டிலும் சீவல் எடுத்து அவரையே நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"லொக்கு மல்" என்றார். பெரிய பூ. அடுத்ததை மாற்றி வைத்தேன். "பொடி மல்" என்றார். சின்னப் பூ. எழுந்து கருப்பையாவிடம் போய், திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். பொலிஸ் முறைப்பாடு அத்தோடு போயிற்று. ஸ்டோரில் மூட்டை குறைந்ததாகச் சொன்னதும் வெறும் பேச்சு என்று பிறகு தெரிந்தது.

பொறியியலாளருக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் கொடுத்தார்கள். சில மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது என்னிடம், "உங்களோட இனிமேல் மெள்ள எண்டே சொல்லுறன்" என்று சிரித்தார். அந்த மனிதரின் லாச்சியைத் திறந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன். எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. அறிக்கையைத் திருத்தி எழுதியதற்காகப் பாராட்டுக்கூடக் கிடைத்தது. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அந்தப் பாராட்டுத்தான்.

அதன்பிறகு இரண்டு குழாய்களுக்கும் நீலமும் சிவப்புமாகச் சாயம் அடித்தோம். எந்த உத்தரவைக் கொடுத்தாலும், கேட்டவர் தன் சொல்லில் திருப்பிச் சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவசரமாக ஒரு வரி கேட்கும்போது, தெரியாது என்பதும் ஒரு வரிதான் என்பதை ஞாபகம் வைத்திருங்கள். அதை எழுதத் தைரியம் வேண்டும், எனக்கு அன்று இருக்கவில்லை.

கருப்பையா திங்கட்கிழமை வந்தார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லங்க மிஸ்" என்றார். அதுவரை நான் தங்கச்சி. ஒருநாள் திரும்பவும் தங்கச்சி என்று கூப்பிடுவார் என்று காத்திருந்தேன், கூப்பிடவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது, வேலையில் எப்போதும்போலச் சிரித்த முகம்தான். ஆனால் வாசலில் காவலாளி கேட்கும் முன்னே பையைத் திறந்து நீட்டுவார். யுத்தம் முடிந்து, பை பார்ப்பதை நிறுத்திய பிறகும் திறந்து நீட்டிக்கொண்டே போவார். புதிய காவலாளிகளுக்கு அது ஏனென்று விளங்காது. வரிசையில் பின்னால் நிற்கும் எனக்கு விளங்கும்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் என் அறைக்குச் சொல்லிக்கொண்டு போக வந்தார். கையில் ஒரு துணிப் பை. வீட்டு மரத்தில் காய்த்த வெண்ணெய்ப்பழம் கொண்டு வந்திருந்தார். கதவருகிலேயே நின்று, பையின் வாயை விரித்து எனக்குக் காட்டினார். பிறகு கிட்ட வந்து பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லாம் எடுத்த பிறகு பையைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தரம் உதறினார்.

"வேற ஒண்ணும் இல்லைங்க மிஸ்" என்றார்.

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.